சம்மர் கேம்ப் வேற, சம்மர் கிளாஸ் வேற... டீன் ஏஜ் பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஏப்ரல் கடைசி. சங்கரன்கோவில் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் வழக்கம்போல ஓடிக்கிட்டு இருக்கு. வீட்டுக்குள்ளதான் மாற்றம். பரீட்சை முடிஞ்சு 13, 14, 15 வயசுப் பிள்ளைங்க பகல் முழுக்க வீட்டில். காலை 9 மணி வரை தூக்கம், எழுந்ததும் செல்போன், சாப்பிடக் கூப்பிட்டா "ஒரு நிமிஷம்". மூணாவது நாளே அம்மா சொல்லிடுவாங்க: "இவனை எங்கயாச்சும் சேத்து விட்டுருங்க".

அந்த நேரத்தில்தான் தெருமுனை பேனரும் வாட்ஸ்அப் குரூப் போஸ்டரும் கண்ணில் படும். சம்மர் கேம்ப்! கையெழுத்துப் பயிற்சி, ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ், கீபோர்டு, செஸ். காலை 10 மணிக்குப் போனால் மதியம் 1 மணிக்கு வீடு. கூடவே "ஆளுமை வளர்ச்சி"ன்னு ஒரு வரியும் இருக்கும்.

இதில் எது கேம்ப்? எதில் ஆளுமை வளரும்? மே மாசம் காசைக் கட்டுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கேள்விக்கும் விடை தெரிஞ்சிருக்கணும். அதைவிட முக்கியமான மூணாவது கேள்வி ஒன்றும் இருக்கு. பிள்ளையை, குறிப்பாக பெண் பிள்ளையை, நம்பி அனுப்பலாமா?

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேம்ப் என்றால் என்ன?

முகாம் என்ற சொல்லுக்கு அர்த்தமே தங்குவதுதான். வீட்டை விட்டு வெளியே, வேறு பிள்ளைகளோடு, சில ராத்திரிகள் தங்கினால் அது முகாம். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மா கையால் தோசை சாப்பிட்டால் அது வகுப்பு. வகுப்பு கெட்டதுன்னு சொல்ல வரலை. கீபோர்டு கத்துக்கணும்னா வகுப்புக்குத்தான் போகணும். ஆனால் "என் பையன் தனியா நிக்கக் கத்துக்கணும்" என்ற எதிர்பார்ப்போடு அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிட்டு, ஒண்ணும் மாறலையேன்னு வருத்தப்படுறதில் நியாயம் இல்லை.

கோடை முகாம் என்ற பழக்கத்தின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1861. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர், தன் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்குக் கூட்டிப் போய் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த நேரம் அது. ராணுவ வீரர்களைப் போல கூடாரத்தில் தூங்க வேண்டும் என்பது பையன்களின் ஆசை.

அடுத்த பெரிய படி 1907 ஆகஸ்ட். இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளியில் படித்த பையன்களும், உழைக்கும் குடும்பத்துப் பையன்களும் அதில் கலந்து இருந்தார்கள். நாலு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் பிறந்தது அங்கிருந்துதான். 'பெரியவர் கட்டளை போடுவார், சின்னவர் கேட்பார்' என்ற முறையை மாற்றி, அஞ்சாறு பேர் கொண்ட குழுவை ஒரு சிறுவனே நடத்தட்டும் என்று விட்டதுதான் அதில் புதுசு.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆரம்பத்தில் இந்தியச் சிறுவர்களைச் சாரணர் இயக்கத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் 1916-ல் அன்னி பெசன்ட், அருண்டேல் இருவரும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்காகவே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். சீருடையில் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல், தனித்தனியாக இயங்கிய அமைப்புகள் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆனது. அதன் வைர விழா பெருந்திரளணி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்தது. பல மாநிலங்களில் இருந்து வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கினார்கள். சுற்றிப் பார்க்க வந்த டிவி கேமராக்களுக்கு அணிவகுப்பும் கலை நிகழ்ச்சியும்தான் கிடைத்தது. முகாமின் விஷயம் இருப்பது அணிவகுப்பு முடிந்த பிறகு.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 5.30 மணிக்கு விசில். இதுவே டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி. இந்த வயசில் தூக்கம் வரும் நேரமே உடம்புக்குள் தள்ளிப் போயிருக்கும். ராத்திரி 11 மணிக்கு மேல் தூங்கி காலையில் எழ முடியாமல் இருப்பது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, வளரும் உடம்பின் இயல்பும்கூட. அதனால் முதல் ரெண்டு நாள் எல்லார் முகமும் வீங்கித்தான் இருக்கும். மூணாவது நாள் ராத்திரி 9.30-க்கே கண் சொக்கும். பகல் முழுக்க வெயிலில் ஓடி, கையில் செல்போனும் இல்லை என்றால் தூக்கம் தானாக வந்துவிடும்.

அப்புறம் பாத்ரூம் வரிசை. 40 பேருக்கு நாலு குழாய். ஒரு வாளித் தண்ணியில் குளிச்சு முடிக்கணும். வீட்டில் வெந்நீர் போட்டாச்சான்னு கத்துற பிள்ளை, இங்கே பின்னாடி நிற்கிற ஒன்பது பேருக்காக அவசரப்படும். யாரும் பாடம் எடுக்க வேண்டாம், வரிசையே பார்த்துக்கொள்ளும்.

சாரணர் முகாம் என்றால் கூடாரம் கட்டணும், கயிற்று முடிச்சு போடணும், குச்சியையும் கயிறையும் வைத்தே தட்டு வைக்கும் ஸ்டாண்டு, செருப்பு வைக்கும் ஸ்டாண்டு செய்யணும். பாத்திரமே இல்லாமல் தணலில் சமைப்பதற்கென்று தனித் தேர்வே இருக்கு. மரத்தில் ஏறாமலே அதன் உயரத்தைக் கணக்கிடும் பயிற்சியும் உண்டு. ஒரு கோலும் நிழலும் இருந்தால் போதும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் கணக்கில் மிரண்ட பையன், சங்கரநாராயண சுவாமி கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரத்தைப் பார்த்து "இதையும் அளந்துடலாம்ல"ன்னு சொல்லும்போது கணக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றால் ஒரு கிராமத்தில் தங்கல். தெருவைச் சுத்தம் செய்றது, மரக்கன்று நடுறது, வீடு வீடாகப் போய் பேசுறது, சாயங்காலம் கலை நிகழ்ச்சி. இதில் கஷ்டமானது மண்வெட்டி பிடிக்கிறது இல்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்னு, "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்"னு பேச்சைத் தொடங்குறதுதான். முதல் வீட்டில் நாலு பேரும் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிவாங்க. பத்தாவது வீட்டில் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு உட்கார்ந்து கதை கேட்பாங்க.

மதியம் சமையல் ட்யூட்டி. அரிசி குழைஞ்சு போனால் அன்னைக்கு எல்லாருக்கும் குழைஞ்ச சோறுதான். வீட்டில் உப்பு இல்லைன்னு தட்டைத் தள்ளிவிட்டவன், இங்கே தானே உப்புப் போட மறந்துட்டு 30 பேர் முகத்தைப் பார்க்கணும். பாத்திரம் விளக்குற முறை பையன்களுக்கும் வரும். பல வீடுகளில் பையன் முதன்முதலாக சட்டி தேய்ப்பது முகாமில்தான் என்பது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம், ஆனால் உண்மை.

ராத்திரி பாடித்தீ. நடுவில் விறகு எரியும், சுத்தி உட்கார்ந்து பாட்டு, நாடகம், கேலி. பகலில் வாயே திறக்காத பிள்ளை இருட்டில் பாடும். அதுக்கு அப்புறம் விளக்கு அணையும். முகாமில் ரொம்பக் கஷ்டமான நேரம் அதுதான்.

முதல் ராத்திரி அழுகை வந்தா?

வரும். வீட்டு நினைப்பு வராத பிள்ளைகள்தான் குறைவு. அழுகிற பிள்ளை பலவீனமான பிள்ளை என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு லேசாக வந்து, ஓரிரு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் சாப்பாடு இறங்காத அளவுக்கு, தூக்கம் வராத அளவுக்குப் போகும். அவர்களுக்குப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

இதைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007-ல் ஒரு அறிக்கையே வெளியிட்டது. அதில் பெற்றோருக்கான ஒரு அறிவுரை நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்தும். "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அப்பா உடனே வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுறேன்"னு கிளம்பும்போது வாக்குக் கொடுக்காதீங்க என்பதுதான் அது. பாசத்தில் சொல்றதுதான். ஆனால் பிள்ளை காதில் அது வேற மாதிரி விழும். 'உன்னால முடியாதுன்னு அப்பாவுக்கே தெரியுது' என்று. அப்புறம் முதல் சின்னக் கஷ்டத்திலேயே மனசு அந்த போனைத்தான் தேடும்.

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? முகாமுக்கு முன்னாடியே சித்தி வீட்டிலோ, அத்தை வீட்டிலோ ரெண்டு ராத்திரி தனியாகத் தங்க விடலாம். எந்த முகாம், எத்தனை நாள் என்ற முடிவில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். திணித்து அனுப்பப்பட்ட பிள்ளைக்கு வீட்டு நினைப்பு அதிகம் வரும். "முதல் நாள் கஷ்டமா இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், அழுகை வரும்போது பிள்ளை பயப்படாது.

ஆனால் வீட்டு நினைப்பு வேறு, பயம் வேறு. யாரோ தொட்டார்கள், யாரோ அடித்தார்கள், ஏதோ சரியில்லை என்றால் உடனே சொல்லணும், அப்போ நாங்க வருவோம், எத்தனை மணியானாலும் வருவோம். இதை மட்டும் தெளிவாக, தனியாகச் சொல்லி அனுப்பணும். ரெண்டையும் குழப்பாமல் சொல்வதில்தான் பெற்றோரின் சாமர்த்தியம் இருக்கு.

போட்டி வச்சா பிள்ளைங்க வளருவாங்களா?

முகாம் நடத்துறவங்க பலரும் முதலில் செய்வது, பிள்ளைகளை ரெண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைப்பது. இதில் ஒரு எச்சரிக்கை தேவை. அதற்கு 1954-ல் நடந்த ஒரு கோடை முகாமின் கதை தெரியணும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற வனப்பகுதியில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களைக் கூட்டி வந்தார். எல்லாரும் 11 வயசை ஒட்டியவர்கள், ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ரெண்டு அணி. ஒன்று கழுகுகள், இன்னொன்று ராட்டில் பாம்புகள். முதல் வாரம் ஒரு அணிக்கு இன்னொரு அணி இருப்பதே தெரியாது. அப்புறம் பரிசு அறிவித்துப் போட்டி வைத்தார்கள். ரெண்டே நாளில் வசவு, கொடி எரிப்பு, ஒருத்தர் தங்கும் அறைக்குள் இன்னொருத்தர் புகுந்து சாமான்களை வாரி இறைப்பு. எல்லாரும் நல்ல குடும்பத்துச் சாதாரணப் பிள்ளைகள்.

சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள், சேர்ந்து சாப்பிட வைத்தார்கள். சண்டை தீரவில்லை, சாப்பாட்டை எடுத்து வீசினார்கள். கடைசியில் ரெண்டு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளை உருவாக்கினார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது, எல்லாரும் சேர்ந்து குழாய் வழியைத் தேடினார்கள். சாப்பாடு எடுத்துவரும் லாரி கிளம்பவில்லை, கயிறு கட்டி எல்லாரும் இழுத்தார்கள். அந்தக் கயிறு, சில நாள் முன்னாடி ரெண்டு அணியும் எதிரெதிரே நின்னு இழுத்த அதே வடம். வீடு திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகணும்னு பையன்களே கேட்டாங்க. ஒரு அணி தன் பரிசுப் பணத்தில் எல்லாருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தது.

இந்த ஆய்வைப் புகழ்வோர் உண்டு, கண்டிப்போரும் உண்டு. பிள்ளைகளுக்கே தெரியாமல் அவர்களைச் சோதனைப் பொருள் ஆக்கியது இன்றைக்கு எந்த நாட்டிலும் ஏற்றுக்கொள்ள முடியாதது. இன்னொரு சுவாரசியமான விஷயம், இதற்கு முந்தைய வருஷம், 1953-ல், ஷெரீஃப் இதே மாதிரி நடத்திய முகாம் தோல்வி. பிரிக்கிறதுக்கு முன்னாடியே பையன்கள் நண்பர்கள் ஆகிவிட்டதால், பெரியவர்கள் தூண்டிவிட்டும் சண்டை போடவில்லை.

தென் மாவட்டங்களில் வாழும் பெற்றோருக்கு இந்தக் கதை எங்கே போய் முட்டுதுன்னு விளக்க வேண்டியதில்லை. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பள்ளியில் பிள்ளைகள் பிரிந்து நிற்கும் பிரச்னை இங்கே பல வருஷமாகப் பேசப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழுவே அமைத்தது. வேற வேற தெருவில் இருந்து வந்த எட்டுப் பிள்ளைகள் ஒரே பானையில் சமைத்து, ஒரே வரிசையில் படுத்து ஒரு வாரம் இருப்பது, ஒரு மணி நேர ஒற்றுமைச் சொற்பொழிவு தொடாத இடத்தைத் தொடும். அதற்கு ஒரு நிபந்தனை. அணி பிரிக்கும்போது ஒரே தெரு, ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாகப் போடக் கூடாது. முகாம் நடத்துபவர் அணியை எப்படிப் பிரிக்கிறார் என்று கேளுங்க. "அவங்கவங்க பிரெண்ட்ஸோட இருக்கட்டும்னு விட்டுடுவோம்" என்று பதில் வந்தால், வளர்ச்சியில் பாதி அங்கேயே போச்சு.

சங்கரன்கோவில் பக்கம் என்னென்ன இருக்கு?

பணம் கட்டி கொடைக்கானல், ஊட்டி முகாமுக்குப் போக எல்லாராலும் முடியாது. தறிக் கூலியில் ஓடும் குடும்பத்தில் ஆயிரக்கணக்கில் செலவு செய்து பிள்ளையை ஒரு வாரம் அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை. நல்ல விஷயம் என்னன்னா, பழமையான, நல்லா நடக்கிற முகாம்கள் பலவும் பள்ளிக்கூடம் வழியாகவே கிடைக்கின்றன. செலவும் மிகக் குறைவு.

என்.சி.சி. 1948-ல் தொடங்கியது. ஜூனியர் பிரிவில் பொதுவாக 8, 9-ம் வகுப்பில் சேரலாம், பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஆண்டுப் பயிற்சி முகாம் 10 நாள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல் முதலில் பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது. பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்கு 7 நாள் சிறப்பு முகாம். சாரணர் இயக்கத்தில் 10 வயசுக்கு மேல் சேரலாம், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது வரை போகலாம். உங்க பிள்ளையின் பள்ளியில் இதில் எது இருக்குன்னு ஜூன் மாதம் பள்ளி திறந்த உடனே கேட்கணும். இவை எல்லாமே மே மாதத்தில் நடப்பவை இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் பெரும்பாலும் காலாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டி வரும். கோடையில் தேடத் தொடங்கினால் தாமதம்.

மே மாதத்துக்கென்றே இருப்பது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம். எல்லா மாவட்டங்களிலும் நடக்கும், தென்காசியிலும் உண்டு. காலையும் மாலையும் வெயில் தாழ்ந்த நேரத்தில் பயிற்சி. பெரும்பாலும் தங்கும் முகாம் இல்லை, போய் வருவதுதான். ஏப்ரலில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இருந்து அறிவிப்பு வரும். பக்கத்தில் கோவில்பட்டி இருக்கு, ஹாக்கிக்குப் பேர் போன ஊர். அங்குள்ள விளையாட்டு விடுதியில் தங்கிப் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள்.

அறிவியலில் ஆர்வம் இருந்தால் சுமார் 55 கிலோமீட்டரில் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம். 1987-ல் திறந்தது, கோடை விடுமுறையில் மாணவர்களுக்குப் பயிற்சிகள் நடத்தும். நூலகங்களிலும் மே மாத நிகழ்ச்சிகள் உண்டு, இலவசம்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

இங்கேதான் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடும். "பையன்னா பரவால்ல, பிள்ளையை எப்படி ராத்திரி தங்க விடுறது?" அந்தப் பயத்தை பழைய காலத்துப் புத்தின்னு ஒதுக்கிவிட முடியாது.

2024 ஆகஸ்ட் 5 முதல் 9 வரை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகளும் பள்ளியிலேயே தங்கினார்கள். அங்கே ஒரு மாணவிக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகப் புகார் வந்து, விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது என்.சி.சி. முகாமே இல்லை. தங்களுக்கும் அந்த முகாமுக்கும் தொடர்பு இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் பெற்றோர் செய்த தப்பு எதுவும் இல்லை. பள்ளியை நம்பினார்கள், என்.சி.சி. என்ற பெயரை நம்பினார்கள். சீருடையைப் பார்த்தாலே மரியாதை வரும் ஊர்கள் நம்முடையவை. ஆனால் சீருடை யாரும் தைத்துக்கொள்ளலாம். அதனால் பெயரை நம்பாமல் காகிதத்தைக் கேட்கணும்.

என்.சி.சி. என்றால் பள்ளியில் அங்கீகரிக்கப்பட்ட பிரிவு இருக்கணும், அதற்குப் பொறுப்பான ஆசிரியர் இருக்கணும், முகாமுக்கு பட்டாலியனில் இருந்து எழுத்தில் உத்தரவு வந்திருக்கணும். சாரணர் முகாம் என்றால் மாவட்டச் சாரணர் அலுவலகத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் தெரிஞ்சிருக்கணும். "கடிதத்தைக் காட்டுங்க சார்"னு கேட்டால் ஹெட்மாஸ்டர் கோவிச்சுக்குவாரோன்னு தயங்க வேண்டாம். உண்மையான முகாம் என்றால் கடிதம் ஃபைலில் இருக்கும், எடுத்துக் காட்ட ரெண்டு நிமிஷம் ஆகும்.

அடுத்த கேள்வி ராத்திரியைப் பற்றியது. பெண் பிள்ளைகள் எங்கே படுப்பாங்க, அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா, கூடத் தங்கும் பெண் ஆசிரியர் யார், அவர் பேர் என்ன, எத்தனை ராத்திரியும் அவரே இருப்பாரா? "லேடீஸ் டீச்சர் இருப்பாங்க"ன்னு பொதுவாகச் சொன்னால் போதாது, பேர் வேண்டும், போன் நம்பர் வேண்டும். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி அங்கே இருக்கான்னும் கேளுங்க. அந்தக் கேள்விக்கே முகம் சுளிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் மறக்காமல் கேட்கணும். கிணறு, குளம், ஆறு, அருவி பக்கம் போகும் திட்டம் இருக்கா, நீச்சல் தெரிந்த பெரியவர் எத்தனை பேர்? ஒவ்வொரு கோடையிலும் தண்ணீரில் மூழ்கி இறக்கும் பிள்ளைகளின் செய்தி வராமல் இருப்பதில்லை. பாலியல் பாதுகாப்பைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர்கூட இதைக் கேட்க மறந்துடுறாங்க.

சட்டம் என்ன சொல்லுது? 18 வயதுக்குக் கீழே எல்லாருக்கும், ஆண் பிள்ளைக்கும் சேர்த்து, 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் பாதுகாப்பு தருது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தனிக் குற்றம். சாதாரண ஆளுக்கு 6 மாதம் வரை, நிறுவனத்தை நடத்தும் பொறுப்பில் இருப்பவருக்கு 1 வருஷம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த ரெண்டையும் பிள்ளையின் நோட்டில் எழுதச் சொல்வதைவிட மனப்பாடம் செய்ய வைப்பது நல்லது. முகாமில் நோட்டு பையில் இருக்கும், பை எங்கேயோ இருக்கும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு பதில் திருப்தியாக இருந்தால், அனுப்புங்க. பெண் பிள்ளைகளை எல்லா முகாமில் இருந்தும் நிறுத்திவிட்டால், தனியாக பஸ் ஏறவும், தெரியாதவரிடம் "வேண்டாம்"னு உரக்கச் சொல்லவும் பழகுவதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறையும். கல்லூரிக்கு ஹாஸ்டல் போகும் நாள்தான் முதல் தனி ராத்திரி என்றால் அது ரொம்பத் தாமதம்.

முகாமே கிடைக்கலைன்னா?

கிடைக்காத பிள்ளைகள்தான் அதிகம். தறி ஓடும் வீட்டில் லீவு விட்டால் தார் சுத்த ஒரு கை கூடுதலாகக் கிடைச்சதாகத்தான் கணக்கு. பூ சீசனில் காலை நேரம் பூப்பறிப்பில் போகும். இந்த வேலைகளிலும் பிள்ளைகள் பொறுப்பைக் கத்துக்கிறாங்கன்னு சொல்லலாம், பொய் இல்லை. ஆனால் பத்து மாசமும் படிச்சுட்டு ரெண்டு மாசமும் வேலை செஞ்சா, தன் வயசுப் பிள்ளைகளோடு சும்மா இருக்கிற நேரம் எப்போ வரும்?

ஒரு காலத்தில் அந்த வேலையை ஆச்சி வீடு செய்தது. மே மாசம் அஞ்சாறு பேரப்பிள்ளைங்க ஒரே வீட்டில், ஒரே பாயில் வரிசையாகப் படுத்து, பம்பு செட்டில் குளிச்சு, ஒருத்தரை ஒருத்தர் அடிச்சு, சமாதானமாகி. செலவில்லாத கோடை முகாம். இப்போ ஆச்சி வீட்டுக்குப் போனாலும் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு போன்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் போன்ற மக்கள் அறிவியல் அமைப்புகள் ஒரு நல்ல வழியைக் கையாண்டிருக்கின்றன. குழந்தைகள் திருவிழா நடத்தும்போது வெளியூர்ப் பிள்ளைகளை மண்டபத்தில் படுக்க வைக்காமல், உள்ளூர்ப் பிள்ளைகளின் வீடுகளில் விருந்தாளியாகத் தங்க வைப்பது. பகலில் சேர்ந்து பரிசோதனை, பாட்டு, விளையாட்டு. ராத்திரி வேறு ஒரு குடும்பத்தின் சாப்பாடு, வேறு ஒரு வீட்டின் பழக்கம்.

நல்லாத் தெரிஞ்ச நாலு குடும்பங்கள் சேர்ந்தால் இதை வீட்டளவிலும் செய்யலாம். ஒரு வாரத்தில் நாலு ராத்திரி, நாலு வீடு. நாலு பிள்ளைகளும் சேர்ந்தே தங்கட்டும், போன் எல்லாம் ஒரு டப்பாவில். ஒரு நாள் சமையல் முழுக்க அவங்க பொறுப்பு, காசு 300 ரூபாய் கையில் கொடுத்து மார்க்கெட்டுக்கு அவங்களே போகட்டும். ஒரு நாள் பஸ் பிடிச்சு கழுகுமலை. பாறையில் குடைந்த வெட்டுவான் கோயில், சமணர் சிற்பங்கள், மேலே ஏறினால் சுத்திலும் கரிசல் காடு. இன்னொரு நாள் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். கூட ஒரு பெரியவர் போகலாம், ஆனால் எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புறதுன்னு முடிவு பண்றது பிள்ளைகள். வெயிலுக்கு முன்னாடி கிளம்பணும், தண்ணி பாட்டில் எடுக்கணும் என்பதை ஒரு தடவை மறந்தால் அடுத்த தடவை மறக்க மாட்டாங்க.

திரும்பி வந்த பிறகு

முகாம் முடிஞ்சு வரும் பிள்ளை கறுத்து, இளைச்சு, பை முழுக்க ஈரத் துணி வாடையோடு வரும். வந்ததும் "என்ன கத்துக்கிட்ட?"ன்னு கேட்டால் "ஒண்ணுமில்லம்மா"ன்னு சொல்லிட்டு 12 மணி நேரம் தூங்கும். காசு வீணாப் போச்சோன்னு நினைக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு அந்த வயசில் பதில் வராது.

வாரம் ஒண்ணு ஆகும்போது சில சின்ன விஷயங்கள் தெரியலாம். சாப்பிட்ட தட்டு கழுவப்பட்டு இருக்கும். தம்பிக்கு முடிச்சு போடக் கத்துக் கொடுக்கும் சத்தம் கேட்கும். எங்கேயோ ஒரு ஊரில் இருந்து "மாப்ள"ன்னு ஒரு போன் வரும். அது பழைய பழக்கத்திலேயே கரைஞ்சு போகாமல் இருக்கணும்னா, வீட்டிலும் ஒரு வேலை நிரந்தரமாக அந்தப் பிள்ளை பேரில் இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டோ, கரண்ட் பில்லோ, ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதோ. முதல் தடவை தப்பு நடக்கும். அஞ்சாறு கத்தரிக்காய் சொத்தையாக வரும். பிறகு ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, "அங்க ரெண்டாவது நாள் ராத்திரி என்ன நடந்துச்சு தெரியுமா?"ன்னு கதை ஆரம்பிக்கும். அப்போ டிவியை நிறுத்திட்டுக் கேளுங்க.